பத்து நிமிடத்தில் ஒரு துளை: கடல் முள்ளெலியைத் தின்னும் நத்தைகள்

கடல் முள்ளெலியைத் தின்ன நினைக்கும் எந்த உயிருக்கும் முதல் பிரச்சினை முள். அதைத் தாண்டினால் ஓடு. இந்த இரண்டையும் சமாளிக்க ஒவ்வொன்றும் ஒரு வழி வைத்திருக்கிறது. கடல் நீர்நாய் கல்லால் அடித்து உடைக்கும். கடற்புறா அலகில் தூக்கிக்கொண்டு பறந்து பாறைமேல் போட்டு உடைக்கும். டிரிகர் மீன் வாயால் தண்ணீரைப் பீய்ச்சி முள்ளெலியைப் புரட்டிவிட்டு, முள் குறைவாக உள்ள அடிப்பக்கத்தைக் கடிக்கும். இவை எல்லாவற்றுக்கும் பலமோ வேகமோ இருக்கிறது.

நத்தைக்கு இரண்டும் கிடையாது. உடம்பு முழுக்க மெத்தென்ற சதை, நடை மந்தம், கடித்து உடைக்கத் தாடையும் இல்லை. இருந்தும் வெப்பக் கடல்களில் முள்ளெலியையே முக்கிய உணவாக வைத்து வாழும் ஒரு நத்தைக் குடும்பம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஹெல்மெட் ஷெல் என்பார்கள். அறிவியலில் காசிடே குடும்பம். நாம் ஹெல்மெட் சங்கு என்றே வைத்துக்கொள்வோம். இதில் கைக்குள் அடங்கும் சின்ன இனங்களும் உண்டு, தூக்கிப் பிடிக்க இரண்டு கை வேண்டிய பெரிய இனங்களும் உண்டு. கரீபியன் கடலில் வாழும் காசிஸ் டியூபரோசா இவற்றில் நன்றாக ஆராயப்பட்டது. முழுதாக வளர்ந்தால் அதன் ஓடு 30 சென்டிமீட்டர் வரை வரும். பெரும்பாலும் அதை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் இரையைப் பார்ப்போம்

கடல் முள்ளெலி முட்தோலி வகையைச் சேர்ந்தது. நட்சத்திர மீனும் கடல் அட்டையும் அதன் உறவுகள். முள்ளை எல்லாம் நீக்கிப் பார்த்தால் உள்ளே உருண்டையான ஒரு சுண்ணாம்புக் கூடு இருக்கும். கடற்கரையில் சில நேரம் ஒதுங்கிக் கிடக்கும் புள்ளிப்புள்ளியான வெற்று உருண்டை இதுதான். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு முள் பொருந்தியிருந்த குமிழ்.

இதை ஓடு என்று சொன்னாலும் உண்மையில் இது ஓடு இல்லை. நத்தையின் ஓடு உடம்புக்கு வெளியே இருக்கிறது. முள்ளெலியின் கூட்டுக்கு மேலே மெல்லிய தோல் மூடியிருக்கிறது. ஆக அது உள்கூடு, ஒருவகை எலும்பு. சின்னச்சின்னத் தகடுகள் இருபது வரிசையாக, மேலிருந்து கீழாக, ஒன்றோடொன்று ஒட்டி இந்த உருண்டை உருவாகிறது. கீழே நடுவில் வாய். வாய்க்குள் ஐந்து பற்கள் கொண்ட ஒரு சிக்கலான கடிக்கும் கருவி, அதற்கு அரிஸ்டாட்டில் விளக்கு என்று பெயர். மேலே நடுவில் மலவாய். உள்ளே வளைந்து வளைந்து போகும் குடல், அப்புறம் ஐந்து கொத்தாக இனப்பெருக்கச் சுரப்பிகள். ஜப்பானியர்கள் ஊனி என்று விரும்பிச் சாப்பிடுவது அந்தச் சுரப்பிகளைத்தான். நத்தைக்கும் அவைதான் குறி.

பாதுகாப்புக்கு முள் மட்டும் இல்லை. முட்களுக்கு நடுவே சின்னக் காம்புகளின் நுனியில் இடுக்கி போன்ற உறுப்புகள் உண்டு; சில இனங்களில் அவற்றில் விஷமும் உண்டு. ஒட்டிக்கொள்ளவும் நகரவும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் உண்டு. டயடெமா என்ற கறுப்பு நீள்முள் இனம், மேலே நிழல் விழுந்தாலே முட்களை அந்தப் பக்கம் திருப்பும்.

ஆனால் இந்தக் கூட்டில் இரண்டு பலவீனங்கள் இருக்கின்றன. அது செய்யப்பட்டிருப்பது மெக்னீசியம் கலந்த கால்சைட்டால். மெக்னீசியம் அதிகம் கலந்த கால்சைட் சாதாரணக் கால்சைட்டைவிட எளிதாகக் கரையும். இது முதல் பலவீனம். இரண்டாவது, ஒவ்வொரு தகடும் கெட்டியான கட்டி இல்லை. உள்ளே முழுக்க நுண்துளைகள், அவற்றில் உயிருள்ள திசு. எடை குறைவாகவும் எளிதில் விரிசல் பரவாததாகவும் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் மேலே ஒரு கரைக்கும் திரவம் பட்டால் அது வழுக்கி ஓடாமல் உள்ளே இறங்கும். ஹெல்மெட் சங்கு கைவைப்பது இங்கேதான்.

வேட்டை

பகலில் காசிஸ் டியூபரோசாவைத் தேடினால் கண்டுபிடிப்பது கஷ்டம். கடற்புல் நடுவிலோ மணலிலோ பாதி புதைந்து அசையாமல் கிடக்கும். இருட்டியதும் கிளம்பும்.

கண் இருந்தாலும் அதற்குப் பெரிய வேலை இல்லை. வழிகாட்டுவது வாசனை. ஓட்டின் முன்பக்கக் கால்வாய் வழியாக ஒரு குழல் வெளியே நீண்டிருக்கும். அதை இப்படியும் அப்படியும் திருப்பி நத்தை தண்ணீரை உள்ளே இழுக்கும். அந்தத் தண்ணீர் செவுளுக்குப் போகும் வழியில், வாசனை அறியும் ஓர் உறுப்பைத் தொட்டுப் போகும். எந்தப் பக்கம் வாசனை கூடுகிறதோ அந்தப் பக்கம் நகர்வு. மணலுக்குள் புதைந்திருக்கும் முள்ளெலியைக்கூட இப்படித் தேடிப் போய்விடும்.

கிட்டே போனதும் காட்சி மாறுகிறது. அதுவரை மந்தமாக ஊர்ந்த நத்தை, பாதத்தின் முன்பகுதியை உயர்த்தி வளைத்து, முள்ளெலியின் மேல் ஏறிக் கவிகிறது. பெரிய இனங்களில் ஓடு மட்டுமே கிலோக் கணக்கில் எடை இருக்கும். அந்த எடையோடு பாதம் கீழே இறங்கினால் முள்ளெலி மணலோடு அழுந்திவிடும், பிறகு அதனால் நகர முடியாது. முட்கள் குத்தாதா என்றால், குத்தும். டயடெமாவின் நீள முட்கள் அழுத்தத்தில் ஒடியும். பாதம் தடித்த தசை, மேலே கோழைப் பூச்சு வேறு. பெரிய நத்தை அதற்காக இரையை விட்டுப் போவதில்லை.

பாதம் பிடித்துக்கொண்டதும் வாய்ப்பகுதியிலிருந்து நீளமான ஒரு தும்பிக்கை வெளியே வருகிறது. வேண்டாதபோது உள்ளே மடித்து வைத்துக்கொள்ளக்கூடிய தசைக்குழாய் அது. நுனியில் வாய். வாய்க்குள் ராடுலா என்ற பல்நாடா. வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள் பதித்த நாடா அது, முன்னும் பின்னும் இழுத்து அராவும். நத்தை இனத்தில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நாடா உண்டு. இலையைச் சுரண்டும் தோட்டத்து நத்தைக்கும் உண்டு. ஹெல்மெட் சங்கை வேறுபடுத்துவது நாடாவோடு சேர்ந்து வரும் எச்சில்.

அந்த எச்சில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, இரையை மரத்துப்போக வைப்பது. காசிஸ் எச்சிலில் நச்சுத்தன்மை இருக்கிறது என்பதும், அது பட்டால் முள்ளெலியின் முட்கள் அசைவற்றுப் போகின்றன என்பதும் 1960களிலேயே தெரிந்துவிட்டது. முட்கள் அசையாமல் போனால்தான் அவற்றை விலக்கி, ஒரு சின்ன இடத்தைச் சுத்தம் செய்து, வேலையைத் தொடங்க முடியும். இரண்டாவது வேலைதான் இந்தக் கட்டுரையின் மையம்.

எச்சிலில் கந்தக அமிலம்

கந்தக அமிலம் என்றால் நமக்குக் கார் பேட்டரியும் பள்ளி ஆய்வகமும்தான் நினைவுக்கு வரும். ஒரு விலங்கு அதைத் தன் உடம்புக்குள்ளேயே தயாரித்துச் சேமித்து வைத்திருக்கும் என்பதை 19ஆம் நூற்றாண்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அது வெளிப்பட்ட கதை சுவையானது.

ஜெர்மானிய விலங்கியலாளர் ஃபிரான்ஸ் ஹெர்மன் ட்ரோஷல் சிசிலித் தீவின் மெஸினாவில் கடல் உயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் டோன்னா கேலியா என்ற பெரிய நத்தை ஒன்று இருந்தது. ஹெல்மெட் சங்கின் நெருங்கிய உறவு அது, மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய நத்தைகளில் ஒன்று. சீண்டப்பட்ட அந்த நத்தை தும்பிக்கையை நீட்டி ஒரு திரவத்தைப் பீய்ச்சியது. திரவம் விழுந்த இடத்தில் சலவைக்கல் தரை நுரைத்துப் பொங்கியது. சலவைக்கல்லும் சுண்ணாம்புதான், அமிலம் பட்டால் கரியமில வாயு வெளியேறிக் குமிழி வரும். திரவத்தைச் சோதித்ததில் அது கந்தக அமிலம் என்று தெரிந்தது. 1854இல் அவர் இதை வெளியிட்டார். ஒரு நத்தை தரையில் துப்பியதைக் கவனித்த ஒருவரால் ஒரு துறையே திறந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இந்த நத்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பி இரண்டு பகுதியாக இருக்கிறது. பெரிய பகுதி அமிலத்தைத் தயாரித்துச் சேமிக்கிறது. அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்தால் கால்சியம் சல்ஃபேட், தண்ணீர், கரியமில வாயு என்று பிரிந்துவிடும். பள்ளியில் சுண்ணாம்புத் துண்டில் அமிலத்தை விட்டுப் பார்க்கும் அதே வினை.

இங்கே இரண்டு கேள்விகள் எழும். ஒன்று, கடலுக்குள் அமிலம் நீர்த்துப் போகாதா? போகும். கடல்நீர் லேசான காரத்தன்மை உடையது, அளவோ எல்லையற்றது. அதனால் தூரத்திலிருந்து பீய்ச்சிப் பயன் இல்லை. தும்பிக்கையின் நுனியைக் கூட்டின்மேல் ஒட்டவைத்து, நடுவில் தண்ணீருக்கு இடமே தராமல், அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக நேரே கல்மேல் விட வேண்டும். அதைத்தான் செய்கிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் நல்ல கேள்வி. நத்தையின் ஓடும் சுண்ணாம்புதானே, அது கரையாதா? தும்பிக்கை நீளமாக இருப்பதன் லாபம் இங்கே தெரியும்: வேலை நடக்கும் இடம் சொந்த ஓட்டிலிருந்து தள்ளியே இருக்கிறது. பல்நாடாவும் தப்பித்துவிடும். அதன் பற்கள் கைட்டின் என்ற பொருளால் ஆனவை. நண்டு, பூச்சி ஆகியவற்றின் மேலோட்டில் இருக்கும் அதே பொருள். கைட்டின் சுண்ணாம்பு இல்லை, எனவே இந்த அமிலத்தில் நுரைத்துக் கரையாது. சுண்ணாம்பைக் கரைக்கும் திரவமும் அதில் கரையாத அரமும் ஒரே வாயில் இருக்கின்றன.

முழுக்கக் கரைப்பதில்லை, சுற்றி அறுக்கிறது

நத்தை துளையிடுகிறது என்றால் பலரும் மனதில் நினைப்பது நடுவிலிருந்து அரித்து அரித்து ஆழமாகப் போவதை. மட்டியைத் தின்னும் நிலா நத்தைகள் அப்படித்தான் செய்கின்றன. தும்பிக்கையில் உள்ள ஒரு சுரப்பியை ஓட்டின்மேல் அழுத்திக் கொஞ்ச நேரம் இளக்கும், அப்புறம் பல்நாடாவால் சுரண்டும், மறுபடி இளக்கும், மறுபடி சுரண்டும். கெட்டியான மட்டி ஓட்டில் ஒரு துளை போட ஒரு நாள் ஆகலாம், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். பொறுமையான வேலை.

காசிஸ் டியூபரோசா இதே வேலையைச் சுமார் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறது. அமிலம் கடுமையானது என்பது ஒரு காரணம், முள்ளெலியின் கூடு மெல்லியது, நுண்துளை நிறைந்தது என்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. அது முழுப் பரப்பையும் கரைப்பதில்லை. வட்டமாக ஒரு பள்ளம் மட்டும் அறுக்கிறது. வட்டம் முழுதானதும் நடுவில் இருக்கும் பகுதி தட்டையான வில்லையாகத் தனியே வந்துவிடும். பழம் சிவப்பாக இருக்கிறதா என்று காட்ட, தர்பூசணிக்காரர் கத்தியைச் சுற்றி இறக்கி ஒரு துண்டை எடுப்பாரே, அப்படி.

இதில் எவ்வளவு வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையை முழுக்கக் கரைப்பதென்றால் வட்டத்தின் பரப்பு முழுவதையும் அரிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓரத்தை மட்டும் அறுத்தால் போதும் என்றால், அரிக்க வேண்டிய பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். துளை பெரிதாகப் பெரிதாக லாபமும் கூடும். விட்டம் இரட்டித்தால் முழுப் பரப்பு நான்கு மடங்காகும், ஓரத்தின் நீளம் இரண்டு மடங்குதான். நத்தைக்கு ஜியோமெட்ரி தெரியாது, ஆனால் அமிலத்தைச் சுரப்பதற்குச் செலவு உண்டு. குறைந்த செலவில் முடிக்கும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

துளையின் அளவு நத்தையின் அளவைப் பொறுத்தது. சின்ன இனங்கள் சில மில்லிமீட்டரில் முடித்துவிடும், பெரியவை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். தும்பிக்கை நுழைய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எப்போதும் கூட்டைத்தான் அறுக்க வேண்டும் என்றும் இல்லை. வாயைச் சுற்றிச் சவ்வு மட்டுமே இருக்கிறது. அந்த வழி கிடைத்தால் அறுக்கும் வேலையே மிச்சம்.

உள்ளே நுழைந்த தும்பிக்கை குடலையும் இனப்பெருக்கச் சுரப்பிகளையும் சுரண்டி உறிஞ்சும். துளையிட்டதைவிட இதற்கு அதிக நேரம் ஆகும். சாப்பிட்டு முடித்ததும் நத்தை இறங்கிப் போய்விடும். முள் உதிரத் தொடங்கிய கூடு, ஒரு பக்கத்தில் வட்டத் துளையோடு, அங்கேயே கிடக்கும்.

எல்லா முள்ளெலியும் சும்மா இருந்து சாவதில்லை

நத்தை மெதுவானது என்றேன். முள்ளெலிகள் நாம் நினைப்பதைவிட வேகமானவை. டயடெமா நீள முட்களின் நுனியில் நின்று, கால்போல ஊன்றி, மணலில் ஓடவே செய்யும். பக்கத்தில் ஒரு டயடெமா நசுங்கி அதன் உடல்நீர் தண்ணீரில் கலந்தால், அந்த வாசனை பட்ட மற்றவை அந்த இடத்தைவிட்டு வெளியேறும்.

இடமும் முக்கியம். ஹெல்மெட் சங்கு மணலில்தான் ராஜா. பவளப்பாறை இடுக்கில் முட்களை ஊன்றி இறுக்கிக்கொண்ட முள்ளெலியின்மேல் அத்தனை பெரிய ஓட்டோடு அதனால் ஏறிக் கவிய முடியாது. அதனால் மணல் நடுவே தனித்திருக்கும் சின்னப் பவளத்திட்டுகூட முள்ளெலிக்கு அடைக்கலம். திட்டை விட்டு மேயப் போகும்போதுதான் ஆபத்து. டயடெமா இரவில் மேயும். நத்தையும் இரவில்தான் கிளம்பும். எனவே இந்தச் சந்திப்பு தவிர்க்க முடியாதது.

இதற்கு நேரெதிர் மியோமா வென்ட்ரிகோசா. கரீபியன் மணலுக்குள் புதைந்து வாழும் பெரிய இதய வடிவ முள்ளெலி அது. குட்டையான முள்தான், ஆனால் தொந்தரவு செய்தால் மஞ்சள் நிறத் திரவம் ஒன்றை விடும், மீன்கள் அதை நெருங்காது. ஹெல்மெட் சங்குக்கு அது ஒரு பொருட்டில்லை. மணலுக்குள் ஒளிவதும் பலிக்காது, மணல் அதன் சொந்த ஊர். மணல் டாலர் என்று சொல்லும் தட்டையான முள்ளெலிகளும் இதே கணக்கில் அதன் உணவுப் பட்டியலில் வந்துவிடுகின்றன.

மற்ற நத்தைகள்

முள்ளெலியைத் தின்பது ஹெல்மெட் சங்கு மட்டும் இல்லை. டிரைட்டன் என்ற நீளக் கூம்பு நத்தைகளும், அதாவது சரோனியா இனங்கள், முட்தோலிகளை வேட்டையாடுபவைதான். பவளத்தைத் தின்று அழிக்கும் முள்முடி நட்சத்திர மீனைத் தின்பதற்காக அதில் ஓர் இனம் புகழ்பெற்றது. மத்தியதரைக் கடலிலும் அட்லாண்டிக்கிலும் உள்ள டிரைட்டன்கள் நட்சத்திர மீனோடு முள்ளெலியையும் தின்னும்.

இன்னொரு கூட்டம் முற்றிலும் வேறு வழியில் போயிருக்கிறது. யூலிமிடே என்ற குடும்பம். பளபளவென்று வெள்ளையாக, பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் நத்தைகள். இவை முள்ளெலியைக் கொல்வதில்லை. அதன்மேலேயே குடியிருந்து, மெல்லிய தும்பிக்கையை உள்ளே விட்டு, உடல்நீரை உறிஞ்சிக்கொண்டே காலம் தள்ளுகின்றன. பெரும்பாலான யூலிமிட்களுக்குப் பல்நாடாகூட இல்லை. அராவ எதுவும் இல்லாதபோது பல் எதற்கு? இவை வேட்டைக்காரர்கள் இல்லை, ஒட்டுண்ணிகள். நாயின்மேல் உண்ணிபோல் முள்ளெலியின்மேல் இருக்கின்றன.

நத்தைக்கு எவ்வளவு பெருமை தரலாம்?

இப்படிப்பட்ட உயிர்களைப் பற்றி எழுதும்போது, இவை இல்லாவிட்டால் கடலே அழிந்துவிடும் என்று முடித்துவிடும் ஆசை வரும். அவ்வளவு தூரம் போக முடியாது. கென்யாவின் பவளப்பாறைகளில் யார் முள்ளெலியை அதிகம் தின்கிறார்கள் என்று பார்த்த ஆய்வுகள் மீன்களைத்தான் முதலில் காட்டின, குறிப்பாக டிரிகர் மீன்களை. அந்த மீன்களை அதிகம் பிடித்துவிட்ட இடங்களில் முள்ளெலி பெருகியது. நத்தைகளின் பங்கு அங்கே சின்னது. மணல்வெளியிலும் கடற்புல் வெளியிலும் கதை வேறாக இருக்கலாம், ஏனென்றால் புதைந்து வாழும் முள்ளெலியை மணலுக்குள் தேடிப்போய்ப் பிடிப்பவர்கள் குறைவு.

முள்ளெலி அதிகமானால் பாசியையும் கடற்புல்லையும் மொட்டையடிக்கும். குறைந்தாலும் கேடுதான். 1983 ஜனவரியில் பனாமா அருகே தொடங்கிய ஒரு நோய் ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் கரீபியன் முழுக்கப் பரவி, டயடெமா முள்ளெலிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கொன்றது. மேய ஆளில்லாமல் பல பாறைகளில் பாசி மண்டி, பவளம் மூடிப்போனது. ஜமைக்கா அதற்குப் பெயர்பெற்ற உதாரணம். 2022இல் மறுபடி ஒரு கொள்ளைநோய் வந்தது. ஒரு செல் உயிரியான சிலியேட் ஒன்றுதான் காரணம் என்று மறு ஆண்டே கண்டுபிடித்துவிட்டார்கள். நத்தை எவ்வளவு தின்றாலும் இந்த அளவுக்கு அழிவு வருவதில்லை.

துளை சொல்லும் பழங்கதை

நத்தை இரையைத் தின்ற தடயம் பெரும்பாலும் அழிந்துவிடும். புழுவைத் தின்றால் ஒன்றுமே மிஞ்சாது. ஆனால் முள்ளெலியின் கூடு மணலில் புதைந்து கல்லாக மாறும், அதில் இருக்கும் துளையும் கூடவே கல்லாக மாறும். அதனால் தொல்லுயிர் ஆய்வாளர்களுக்கு இது பெரிய வரம். போலந்தின் மயோசீன் காலப் படிவங்களில், அதாவது ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடலடியில், துளையிடப்பட்ட முள்ளெலிகள் கிடைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பழைய படிவங்களிலும் உண்டு. யார், எந்தக் காலத்தில், எந்த இரையை விரும்பித் தின்றார்கள் என்று எண்ணிக்கை எடுக்க முடிகிறது. இன்றைய செங்கடலில் மணல் டாலர்களைச் சேகரித்து அதே கணக்கை எடுத்து, பழையதோடு ஒப்பிடவும் முடிகிறது.

இதில் ஏமாறும் வாய்ப்பும் இருக்கிறது. கரீபியனில் லியோடியா என்ற மணல் டாலர் இருக்கிறது. அதற்கு இயற்கையாகவே ஆறு நீள்துளைகள் உண்டு. ஏழாவதாக வட்டமாக ஒன்று இருந்தால்தான் நத்தையைச் சந்தேகிக்க வேண்டும். ஒட்டுண்ணி யூலிமிட் போட்ட ஓட்டையும் இருக்கும், ஆனால் அது மிகச் சின்னது. அலையில் உருண்டு கல்பட்டு உடைந்த ஓட்டை வட்டமாக இருப்பது அபூர்வம். அதன் ஓரத்திலிருந்து விரிசல் ஓடும்.

நம் பக்கக் கடலில்

காசிஸ் டியூபரோசா அட்லாண்டிக்கைத் தாண்டி வருவதில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக வளரக்கூடிய காசிஸ் கார்னுடா, கொம்புபோல் முனைகள் கொண்ட ஹெல்மெட் சங்கு, இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் பரவியிருக்கிறது. இந்தியக் கடலிலும் உண்டு. இதே குடும்பத்தின் சின்ன இனங்கள் இழுவலையில் மீனோடு சேர்ந்து வந்து விழும். நம் ஊர் வலம்புரி, இடம்புரிச் சங்கோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு குடும்பம், கடலடிப் புழுக்களைத் தின்பது, அமிலம் எல்லாம் கிடையாது.

பெரிய ஹெல்மெட் சங்குகளுக்கு எதிரி அவற்றின் அழகு. சிப்பிக் கடை அலமாரியில் முதலில் கண்ணில் படுவது இதுதான். காளைவாய்ச் சங்கு எனப்படும் சிப்ரேகாசிஸ் ரூஃபாவின் ஓட்டில் மேலே வெளிர் அடுக்கும் கீழே செம்பழுப்பு அடுக்கும் இருப்பதால், இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகிலுள்ள டோரே டெல் கிரேகோவில் அதைச் செதுக்கி முகங்கள் பதித்த பதக்கங்கள் செய்கிறார்கள். ஓட்டுக்காகப் பிடிப்பது பெருகியதால், காசிஸ் கார்னுடா, சிப்ரேகாசிஸ் ரூஃபா, டிரைட்டன் மூன்றும் 2001இல் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. யானையும் புலியும் இருந்த அதே அட்டவணை. ஆகவே கடைக்காரர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கி வந்து கண்ணாடி அலமாரியில் வைக்காதீர்கள்.

முள்ளெலிக் கூட்டைப் பார்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை. அடுத்த முறை கரையில் உருண்டையான வெற்றுக்கூடு கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள். அடியில் நடுவே உள்ள பெரிய ஓட்டை வாய், பல்கருவி கழன்று விழுந்த இடம். உச்சியில் உள்ள சின்ன ஓட்டை மலவாய். இரண்டும் பிறவியிலேயே உள்ளவை. தட்டையான மணல் டாலர் என்றால், நம் கரையில் ஒதுங்கும் ஓர் இனத்துக்கு விளிம்பில் இரண்டு நீளப் பிளவுகள் உண்டு, அவையும் இயல்பானவை. இவை தவிர நடுவை விட்டு விலகிய இடத்தில், விரிசல் இல்லாத வட்டத் துளை ஒன்று இருக்கிறதா, அதைச் சுற்றி முள் பொருந்தும் குமிழ்கள் மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ஒரு ஹெல்மெட் சங்கின் வேலைதான் அது. துளையின் விட்டத்தை ஓர் அளவுகோலில் பார்த்தால், நத்தை பெரியதா சின்னதா என்றும் தோராயமாகச் சொல்லிவிடலாம்.